ஏர் பிஸ்டல் பெல்லட்: டையில் அழுத்தி அளவாக்குவதா, அளவு பார்த்து வாங்குவதா?

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடும் பிள்ளைகளின் பெற்றோர் பலர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். பிஸ்டல் வாங்கி ஆறேழு மாதம் ஆகியிருக்கும், ஸ்கோர் ஓர் இடத்தில் நின்றிருக்கும். "பெல்லட் பேரலுக்குச் சரியாக உட்காரவில்லையோ?" என்று அந்தச் சின்ன ஈயக் குண்டின் மேலும் அது ஓடும் குழாயின் மேலும் சந்தேகம் வரும். அடுத்தது நம் ஊருக்கே உரிய யோசனை: "கணபதியில் தெரிந்த லேத் பட்டறை இருக்கிறது. 4.50 மி.மீ. துளையுள்ள ஒரு டை போட்டு, எல்லா பெல்லட்டையும் அதில் தள்ளி ஒரே அளவாக்கிவிட்டால் என்ன?"

டை போடுவது இங்கே யாருக்கும் பெரிய வேலை இல்லை. துளையைத் துல்லியமாக்கும் ரீமரும் ஹோனிங்கும் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊர் இது. ஆனால் போட முடியும் என்பது வேறு, போட்டால் குண்டு அட்டையின் நடுவில் இருக்கும் பத்து வளையத்தில் விழுமா என்பது வேறு. உங்கள் முன்னால் இருப்பவை நான்கு வழிகள்: சாதாரணப் பயிற்சி டப்பாவையே சுடுவது, தலை அளவு போட்ட மேட்ச் (போட்டிக்கான) பெல்லட்டைச் சோதித்து வாங்குவது, டையில் அழுத்தி அளவாக்குவது, எடை போட்டுப் பிரிப்பது. அவற்றை எடைபோடும் முன், எதை வைத்து எடைபோடுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

## எதை வைத்துப் பார்ப்பது

முதல் அளவுகோல் இலக்கு அட்டைதான். ஏர் பிஸ்டல் அட்டையில் பத்து வளையத்தின் குறுக்களவு 11.5 மி.மீ. அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 8 மி.மீ. தள்ளி இருக்கிறது. குண்டின் ஓரம் வளையத்தைத் தொட்டாலே அந்தப் புள்ளி கிடைக்கும். பெல்லட் 4.5 மி.மீ. என்பதால், துளையின் மையம் அட்டையின் நடுவிலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் பத்து, 16க்குள் விழுந்தால் ஒன்பது. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுடுபவரின் கை ஆட்டமும் பெல்லட்டின் சிதறலும் நேராகக் கூடாது. இரண்டும் ஒன்றையொன்று சாராத பிழைகள். அதனால் வர்க்கமாகக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். மையத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற கணக்கில், மி.மீ.யில்:

| கை ஆட்டம் | பெல்லட் சிதறல் | இரண்டும் சேர்ந்து |
|---|---|---|
| 16 | 2 | 16.1 |
| 16 | 6 | 17.1 |
| 6 | 2 | 6.3 |
| 6 | 6 | 8.5 |

மேல் இரண்டு வரிசை புதிதாகச் சுடும் பிள்ளை. நல்ல பெல்லட்டுக்கும் மோசமான பெல்லட்டுக்கும் நடுவே ஒரே மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கீழ் இரண்டு வரிசை கை நன்றாகப் பழகிய ஆள். அங்கே 6.3 என்பது பத்துக்குள், 8.5 என்பது பத்துக்கு வெளியே. ஒரே டப்பா ஒருவருக்குப் பொருட்டே இல்லை, இன்னொருவருக்குப் பதக்கம். யார் சுடுகிறார்கள் என்று கேட்காமல் "எந்த பெல்லட் நல்லது" என்று பதில் சொல்பவரை நம்பாதீர்கள்.

மற்ற அளவுகோல்கள்: மாதச் செலவு, அடுத்த டப்பாவும் இதே மாதிரி இருக்குமா என்பது, வீட்டில் இதற்குப் போகும் நேரம், அப்புறம் ஈயம் கையிலும் தரையிலும் எவ்வளவு படும் என்பது. கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலானோர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

## பெல்லட் பேரலில் எப்படி உட்காருகிறது

இது புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். போட்டி பெல்லட்டுக்குத் தட்டையான தலை, ஒடுங்கிய இடுப்பு, பின்னால் உள்ளீடற்ற ஸ்கர்ட். தலை, பேரலின் உள்முகத்தில் மேடாக நிற்கும் சுருள் வரிகளின் மேல் சறுக்கிக்கொண்டு போகிறது. ஸ்கர்ட் தலையைவிடச் சற்று அகலம். அது வரிகளுக்கு நடுவே உள்ள பள்ளங்கள்வரை நிரம்பி, காற்று முன்னால் கசியாமல் அடைக்கிறது. அதாவது குண்டை நேராகப் பிடித்துப் போவது தலை, காற்றைத் தடுப்பது ஸ்கர்ட். வேலை இரண்டு, அளவும் இரண்டு.

தலை சிறுத்தால் குண்டு பேரலுக்குள் லேசாகச் சாய்ந்து போகும். வெளியே வரும்போது ஆட்டத்தோடு வரும். தலை பெருத்தால் ஈயம் உராய்ந்து சீவப்படும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒவ்வொரு வேகம் கிடைக்கும். மோட்டார் ஷாஃப்டில் பேரிங் ஏற்றிப் பழகியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: லூஸாக இருந்தாலும் தப்பு, இறுக்கி அடித்து ஏற்றினாலும் தப்பு.

டை யோசனை பெரும்பாலும் யூடியூபில் இருந்து வருகிறது. அமெரிக்காவில் கைத்துப்பாக்கிக்காரர்கள் வீட்டிலேயே ஈயம் உருக்கிக் குண்டு வார்த்து, டையில் தள்ளி அளவாக்குகிறார்கள். 9 மி.மீ. பிஸ்டலின் பேரல் பள்ளத்தின் குறுக்களவு 0.355 அங்குலம் என்றால் குண்டை 0.356க்கு வைப்பார்கள். .38 ரிவால்வரில் 0.357 பள்ளத்துக்கு 0.358. பேரலைவிடக் குண்டு ஆயிரத்தில் ஓர் அங்குலம் பெரிதாக இருந்தால்தான் சூடான வாயு பக்கவாட்டில் புகுந்து ஈயத்தை அரித்துப் பேரலில் பூசாது. அங்கே அது முறையான கைவேலை. ஆனால் அது திடமான ஈயக் குண்டு, பேரலைத் தொடும் பகுதி முழுவதும் ஒரே அளவு, அச்சிலிருந்து சற்றுப் பெரிதாகவே வெளிவரும்படி வார்க்கப்படுவது. நம் பெல்லட் அப்படிப்பட்டதே இல்லை. தவிர, இந்தியாவில் உரிமம் இல்லாமல் துப்பாக்கிக் குண்டு தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் இருந்தாலும், அது குண்டு வார்க்கும் உரிமம் ஆகாது. வீட்டில் ஈயம் உருக்குகிற பேச்சையே எடுக்க வேண்டாம்.

## வழி 1: சாதாரணப் பயிற்சி டப்பா

தகர டப்பாவில் 500 பெல்லட், மேலே "4.5 மி.மீ." என்று மட்டும் இருக்கும். விலை குறைவு, கடையில் எப்போதும் கிடைக்கும்.

குறை என்னவென்றால் தலை அளவு குண்டுக்குக் குண்டு மாறும். டப்பாவுக்குள் குலுங்கியே ஸ்கர்ட் நசுங்கும். ஈரோட்டிலிருந்து கோவைக்கு பஸ்ஸில் வந்த பாதி காலியான டப்பாவைத் திறந்து பாருங்கள், தெரியும். டப்பாவில் மீதி இடத்தை ஒரு ஸ்பான்ஜ் துண்டால் அடைத்து வைத்தால் இந்தச் சேதம் பெரும்பாலும் நின்றுவிடும். லோடு செய்யும்போது நசுங்கியதை எடுத்து ஓரமாக வைப்பதையும் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுங்கள்.

முதல் வருடம் சுடுபவர், கிளப் பிஸ்டலை நாலு பேரோடு மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர், சுவரைப் பார்த்துப் பிடி பழகுபவர், இவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். இன்று ஒரு பிஸ்டல், நாளை இன்னொன்று என்றால் எந்தப் பேரலுக்கு அளவு பார்ப்பது?

## வழி 2: தலை அளவு போட்ட மேட்ச் பெல்லட்

ஆர்டபிள்யூஎஸ், ஹெச் அண்ட் என், ஜேஎஸ்பி போன்றவர்கள் தலை அளவைக் குறித்தே மேட்ச் பெல்லட் விற்கிறார்கள்: 4.49, 4.50, 4.51 என்று. படிக்குப் படி 10 மைக்ரான். அளவாக்கும் வேலையைத் தொழிற்சாலையே செய்து, பிரித்து, டப்பாவில் எழுதி அனுப்புகிறது. நீங்கள் செய்ய வேண்டியது உங்கள் பேரல் எதைக் கேட்கிறது என்று கண்டுபிடிப்பது மட்டும்.

எடையையும் பார்த்து வாங்குங்கள். ஒரே பெயரில் பிஸ்டலுக்கு ஒன்று, ரைஃபிளுக்கு ஒன்று இருக்கும். ஆர்டபிள்யூஎஸ் ஆர்10 பிஸ்டல் பெல்லட் 0.45 கிராம், ரைஃபிள் பெல்லட் 0.53 கிராம். அவசரத்தில் மாற்றி எடுத்துவிட்டு "பேரலுக்குச் சேரவில்லை" என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு.

சோதனை முறை இது. பிஸ்டலின் உடல் பகுதியை மரக்கட்டையும் ரப்பரும் வைத்து கனமான வைஸில் பிடியுங்கள். கீழே இருக்கும் காற்று உருளையை ஒருபோதும் வைஸில் நெரிக்கக் கூடாது. 200 பார் அழுத்தம் அடைத்திருக்கும் பாத்திரம் அது. உங்கள் பிஸ்டலை வைஸில் எங்கே பிடிக்கலாம் என்று சர்வீஸ் செய்பவரிடம் கேட்டுவிட்டுச் செய்வதே நல்லது. 10 மீட்டரில் வெற்று அட்டை வையுங்கள். பெல்லட்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் முதல் பத்துப் பதினைந்து குண்டைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிடுங்கள், பேரல் புது ஈயத்துக்குப் பழகட்டும். பிறகு ஓர் அளவுக்குப் பத்துக் குண்டு அட்டை மூன்று. ஐந்து குண்டு அட்டை அதிர்ஷ்டத்தில் அழகாக வந்துவிடும், அதை நம்பி டப்பா வாங்க முடியாது. துளைக் கூட்டத்தின் வெளி ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை வெர்னியரில் அளந்து 4.5 கழித்தால் மையத்துக்கு மையம் வரும் அளவு கிடைக்கும்.

கையில் பிடித்துச் சுட்டுச் சோதிப்பது வீண். மேலே உள்ள அட்டவணையே காரணம்: உங்கள் கை ஆட்டம் பெல்லட் வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

இடமும் முக்கியம். பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்குள்ளும் புகும். அரை கிராம் கூட இல்லாத குண்டை அது தள்ளும். அந்த மாதங்களில் எடுத்த அட்டையை வைத்து பெல்லட்டைக் குறை சொல்லாதீர்கள். ஓடாமல் கிடக்கும் தறிக்குடோன் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை: நீளம் இருக்கிறது, கதவைச் சாத்தினால் காற்று இல்லை.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. மூன்று அளவும் வாங்கிச் சோதித்தால் இரண்டு டப்பா மிஞ்சும். அவை பயிற்சிக்குப் போகும், வீணில்லை. ஆனால் தொடர்ந்து மேட்ச் பெல்லட்டையே பயிற்சிக்கும் சுட்டால் கணக்கு எகிறும். நாளுக்கு 100 குண்டு, மாதம் 20 நாள் என்றால் 2000 குண்டு, நாலு டப்பா. டப்பாவுக்கு 300 ரூபாய் கூடுதல் என்று வைத்தாலே மாதம் 1200. அதனால் தினப் பயிற்சிக்குச் சாதா டப்பா, போட்டிக்கும் அதற்கு முந்தைய இரண்டு வாரத்துக்கும் மேட்ச் டப்பா என்று பிரித்துக்கொள்வது பெரும்பாலான குடும்பங்களுக்குச் சரிப்படும்.

வாங்கும் முன் ஒரு வேலை. ஸ்டெயர், மோரினி, வால்தர் போன்ற போட்டி பிஸ்டல்களோடு தொழிற்சாலைச் சோதனை அட்டை வருவது வழக்கம். அதில் எந்த பெல்லட்டில் சுட்டார்கள் என்றும் குறித்திருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள். பழைய பிஸ்டல் வாங்கும்போது பெட்டி, சாவியோடு அந்த அட்டையையும் கேட்டு வாங்குங்கள்.

## வழி 3: டையில் தள்ளி அளவாக்குவது

பெல்லட் சைஸர் என்ற கருவி உண்மையிலேயே உண்டு. துல்லியமான துளை கொண்ட ஒரு டை, தள்ள ஒரு கம்பி. ஒவ்வொரு பெல்லட்டையும் அதன் வழியே தள்ளினால், துளையைவிடப் பெரிய பகுதி துளை அளவுக்குச் சுருங்கும்.

எங்கே இடிக்கிறது என்றால், டை சுருக்கத்தான் செய்யும், பெருக்காது. சாதா டப்பாவில் தலை 4.48 ஆகவும் 4.50 ஆகவும் கலந்து கிடக்கிறது என்று வையுங்கள். 4.50 டையில் தள்ளினால் 4.48 தலைக்கு ஒன்றும் ஆகாது, வித்தியாசம் அப்படியே இருக்கும். ஆனால் அகலமாக இருந்த ஸ்கர்ட் மட்டும் 4.50க்கு ஒடுங்கிவிடும். திருத்த நினைத்த தலை திருந்தவில்லை, நன்றாக இருந்த ஸ்கர்ட் கெட்டது. சரி, 4.48 டையில் தள்ளி எல்லாத் தலையையும் ஒன்றாக்கலாம் என்றால், 4.50 கேட்கும் பேரலில் எல்லாக் குண்டும் லூஸ்.

ஸ்பிரிங் பிஸ்டலில் காற்று ஒரே அடியாக வந்து மோதுவதால் ஒடுங்கிய ஸ்கர்ட் ஓரளவு திரும்ப விரியும். இன்றைய போட்டி பிஸ்டல்கள் அடைத்த காற்றில், மிதமான அழுத்தத்தில் தள்ளுபவை. அவற்றை நம்பி ஸ்கர்ட்டை ஒடுக்குவது சரியில்லை.

டை செலவும் அதோடு முடியாது. 10 மைக்ரான் துல்லியத்துக்குள் துளை போட்டு, பளபளப்பாக்கி, அதைச் சரிபார்க்க நல்ல கேஜ் வேண்டும். பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் அதைச் செய்துதரும் கைகள் இருக்கின்றன, திறமையில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. பிறகு 500 குண்டையும் ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். ஒன்றுக்குப் பத்து விநாடி என்றாலும் டப்பாவுக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் பிள்ளை வெறும் பிஸ்டலைப் பிடித்துப் பயிற்சி செய்திருந்தால் ஸ்கோர் ஏறியிருக்கும்.

ஈயத்தையும் மறக்க வேண்டாம். டையில் சீவப்படும் நுண்ணிய ஈயத்தூள் மேசையில், விரலில், நகக்கண்ணில் தங்கும். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் சமையல்கட்டு மேசையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. பெல்லட்டை வாயில் வைத்துக்கொண்டு லோடு செய்யும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றே நிறுத்துங்கள். சுட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கையோ பன்னையோ தொடக் கூடாது. குண்டு விழும் இடத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

டை எங்கே உதவும்? குலுங்கி நசுங்கிய ஸ்கர்ட்டைத் திரும்ப வட்டமாக்க உதவும். பழைய ஸ்பிரிங் துப்பாக்கியில் ஒரு குண்டு வழுக்கிக்கொண்டும் அடுத்த குண்டு கட்டைவிரல் நோக இறுக்கியும் உள்ளே போகிறது என்றால், அங்கேயும் ஒரு சீர் கிடைக்கும். விளையாட்டாகச் சுடுபவருக்கு அது போதும். போட்டிக்குப் போகும் பிஸ்டலுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

## வழி 4: எடை போட்டுப் பிரிப்பது

நகைத் தராசு வீட்டில் இருப்பவர்கள் கேட்பது இது. கணக்குப் போட்டால் உடனே முடிவு தெரிந்துவிடும். குண்டு விநாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் போனால் 10 மீட்டர் கடக்க 0.067 விநாடி. அதற்குள் புவியீர்ப்பில் சுமார் 22 மி.மீ. இறங்கும். எடை 1 சதவீதம் கூடினால் வேகம் அரை சதவீதம் குறையும், இறக்கம் 1 சதவீதம் கூடும். அதாவது 0.2 மி.மீ. பத்துக்கு 8 மி.மீ. இடம் இருக்கும்போது இதற்காக ஒரு மாலைப்பொழுதைச் செலவிட வேண்டாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | பயிற்சி டப்பா | தலை அளவு மேட்ச் | டை | எடை பிரிப்பு |
|---|---|---|---|---|
| பத்தில் விழ உதவி | குறைவு | அதிகம் | பெரும்பாலும் இல்லை | மிகக் குறைவு |
| பணம் | குறைவு | அதிகம் | டை ஒருமுறை, டப்பா எப்போதும் | தராசு இருந்தால் இல்லை |
| நேரம் | இல்லை | சோதனைக்கு ஒரு நாள் | ஒவ்வொரு டப்பாவுக்கும் | ஒவ்வொரு டப்பாவுக்கும் |
| ஈயத் தொடர்பு | சாதாரணம் | சாதாரணம் | அதிகம் | சற்று அதிகம் |
| யாருக்கு | புதியவர், கிளப் பிஸ்டல் | சொந்த பிஸ்டல், நிலையான கை | பழைய ஸ்பிரிங் துப்பாக்கி | 10 மீட்டரில் யாருக்கும் வேண்டாம் |

## எப்போது ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறுவது

60 குண்டுக்கு 520, 530 எடுக்கும் பிள்ளைக்குச் சராசரி ஒன்பதுக்கும் கீழே. அவர்களுக்குக் கையும் டிரிகரும்தான் வேலை. 550 தாண்டி, அங்கே மூன்று நான்கு போட்டியாக நிலையாக நின்றால் சோதனை நாளைக் குறித்துக்கொள்ளலாம். மனு பாக்கர் 2024 பாரிஸில் ஏர் பிஸ்டல் வெண்கலத்துக்குப் போன வழியில் தகுதிச் சுற்றில் எடுத்தது 580. அந்த உயரத்தில் ஒரு பத்து ஒன்பதாக மாறுவதே பட்டியலில் பல இடங்களைத் தள்ளிவிடும், 2 மி.மீ. சிதறலா 6 மி.மீ. சிதறலா என்பது அங்கேதான் பேசும்.

சோதித்து அளவு தெரிந்ததும் டப்பாவில் அச்சடித்திருக்கும் பேட்ச் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 4.50 என்று போட்டிருந்தாலும் பேட்ச் மாறினால் குண்டின் குணம் மாறலாம். கடையில் அதே எண் இருக்கும்போதே போட்டி சீசனுக்குத் தேவையானதை எடுத்து, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். ஈரத்தில் ஈயம் வெளுத்துப் பொடி பூக்கும். அந்த எண் தீர்ந்துவிட்டால் புது பேட்ச்சில் ஒரு டப்பா மட்டும் வாங்கி, பத்துக் குண்டு அட்டை இரண்டு போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் மீதியை வாங்குங்கள். பேரலை மாற்றினாலோ பெரிய சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கினாலோ மூன்று அளவையும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும்.